அக்கா சொல்லவிடாத சொல்

2009இல் ஒரு நாள் லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து காலை ஷிப்டுக்குப் போன அத்தான் வீடு திரும்பவில்லை. அவர் என் அக்காவின் கணவர். லண்டன் எல்லைக்கு அப்பால், பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. வேலை முடித்துப் போய்விட்டார் என்று மட்டும் முதலாளி சொன்னார். வன்னியில் போருக்குள் இருந்த தன் தம்பியைப் பற்றித் தகவல் நின்றதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடுவதுமில்லை, பேசுவதுமில்லை.

மறுநாள் அக்காவுடன் எங்கள் பகுதி லண்டன் பொலிசுக்குப் போனேன். அத்தானைக் கடைசியாகக் கண்ட ஊர் கவுண்டிப் பொலிசுக்குரியது, அங்கே சொல்வதுதான் விரைவு என்றார் அதிகாரி. முன்பு அந்த ஊரும் லண்டன் பொலிசிடம்தான் இருந்ததாம். எல்லையை மாற்றியபோது கவுண்டிக்குக் கொடுத்துவிட்டார்களாம். கவுண்டிப் பொலிசுக்குத் தனித் தலைவர், தனிக் கட்டுப்பாட்டு அறை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பருத்தித்துறையிலிருந்து கொழும்பு வரை ஒரே பொலிஸ் உள்ள நாட்டில் பிறந்தவன் நான். அடித்ததும் அதே பொலிஸ், முறையிடப் போனாலும் அதே பொலிஸ். இங்கே ஆளைத் தேட முதல் வரலாறு படிக்க வேண்டியிருந்தது.

பஸ் பிடித்துக் கவுண்டிப் பொலிசுக்குப் போனோம். அங்கிருந்த பொலிஸ்காரி நல்லவர். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கணவர் காணாமல் போயிருக்கிறாரா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா சீறினாள்.

“வாயைக் கழுவு. காணாமல் போனவை ஆராவது திரும்பி வந்தவையோ? பிந்துது எண்டு சொல்லு.”

எங்கள் ஊரில் ‘காணாமல் போனவர்’ என்பது ஆமி கொண்டுபோனவர்களுக்கான சொல். அக்கா தானே பொலிஸ்காரியைப் பார்த்து, “லேட், லேட்” என்றாள். வளர்ந்த மனிதர் வரத் தாமதமானால் தங்களால் தேட முடியாது, காணாமல் போனவர் என்று பதிந்தால்தான் தாங்களும் தேடி லண்டன் பொலிசுக்கும் அறிவிக்கலாம் என்றார் அவர். கைகாலைக் கட்டிப்போட்டது போலிருந்தது எனக்கு.

“அக்கா, அந்தச் சொல்லைச் சொல்லாட்டி ஒருத்தரும் தேட மாட்டினம்.”

“எனக்குக் கேக்க ஏலாது. நான் வெளியிலை நிக்கிறன்.”

அவள் போனபிறகு சொன்னேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டு பொலிசும் சேர்ந்தே தேடின. ஆற்றிலும் தேடினார்கள். அத்தான் கிடைக்கவில்லை.

எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா இன்றைக்கும் கேட்கிறாள்: “நீதானே அவரைக் காணாமல் போனவர் எண்டு சொன்னனி?”