அம்மாவின் கடிதத்தைத் திருத்தினேன்

1955ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்தில், டயகமவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்தேன். அப்பா இல்லை. கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. சின்ன வயதில் நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எழுதத் தெரிந்த ஒரே பெண் அவர்தான்.

அந்த வருடம் திருச்சிப் பக்கத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கடிதம் போட்டிருந்தார். அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாராம், மூன்று மாதம் வந்து கூட இருக்க வேண்டுமாம். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நாங்கள் போட்டிருந்த மனுவுக்கு அப்போது முடிவு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டேன்.

“எறங்குனதும் எழுதுறேன்யா. வேளைக்குச் சாப்பிடு” என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. கப்பலில் தொடங்கி, திருச்சி ரயிலில் முடித்திருந்தார். பென்சில் எழுத்து, வரிகள் மேலும் கீழுமாக ஓடின. ‘கப்பள்ள வாந்தி எடுத்தேன். ஒரு பொம்பள கடளப் பாத்து அளுதுகிட்டே வந்துச்சு. நா அளுவல. ஈர வெறக அடுப்புல வைக்காத, ஒனக்குப் பொக ஆவாது.’

தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிளாக்கர் அதைப் படித்துவிட்டே என்னிடம் நீட்டினார். “அம்மாவையும் ஒங்க வகுப்புல சேத்துக்கங்க, மாஸ்டர்” என்றார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயது. அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்கு வந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அட்டை முழுவதும் பிழை திருத்தினேன். அதையே உறையில் போட்டு அம்மாவுக்குத் திருப்பி அனுப்பினேன். ‘ஆபீசில் சிரிக்கிறார்கள். இனி மாமாவிடம் சொல்லி எழுதுங்கள்’ என்று ஒரு துண்டுக் காகிதமும் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் மாமாவின் அழகான கையெழுத்தில்தான். ‘யாவரும் நலம். அம்மா மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்.’ ஆறு மாதம் நெருங்கியபோது பதறி எழுதினேன். ‘அனுமதியை நீட்டிக்க மனுப் போட்டாகிவிட்டது. கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. நம்பினேன்.

ஒன்றரை வருடம் கழித்து, நானே அலைந்து அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். கொல்லையில் நெல் குத்திக்கொண்டிருந்த பெண்ணை அம்மா என்று அடையாளம் காணவே எனக்கு நேரமானது. அத்தை எப்போதோ இறந்துவிட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளுக்கும் மாடுகளுக்கும் ஆள் வேண்டியிருந்ததால், அம்மாவின் பயணப் பத்திரங்களை மாமா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மனு எதுவும் போடவே இல்லை.

“ஏம்மா ஒரு வரி எழுதல?”

“எழுதுறது அவருதானேய்யா. அவரப் பத்தி அவருகிட்டயே எப்படிச் சொல்றது?”

“ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.”

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார். “நீதான் வேணாம்னியே. வாத்தியாரு வேல பாக்குற புள்ளைக்கு என்னால கேவலம் எதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார். குரலில் கோபமே இல்லை.

அன்றே அவரை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். ஆனால் இலங்கைக்கு அழைத்துவர முடியவில்லை. கொழும்புக்குத் தந்தி அடித்துக் கேட்டதற்கு, கெடு முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கேயே தங்கிவிட எனக்கும் துணிச்சல் வரவில்லை. வேலை இங்கே, என் மனுவும் இங்கே. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு வந்தேன். இனிமேல் நீங்களே எழுத வேண்டும் என்று கெஞ்சினேன்.

“எழுத்தெல்லாம் மறந்துபோச்சுய்யா” என்றார்.

நான்கு வருடம் கழித்துத் தந்தி வந்தது. எனக்கு அது கிடைப்பதற்குள் அங்கே தகனம் முடிந்துவிட்டது.

பிறகு முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். நல்லாசிரியர் என்று மாலைகூடப் போட்டார்கள். எழுதத் தெரிந்திருந்த என் தாயை எழுதவிடாமல் செய்தவன் நான்தான் என்று அந்த மேடையில் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன், சொல்லியும் பாரம் இறங்கவில்லை.