தேனீயைக் கொல்லாத மருந்து

அத்தாவுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் ஏலக்காய் புரோக்கர் தொழில். எனக்குக் காக்கநாட்டில் ஒரு சின்னப் பூச்சிமருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சிலந்தி விஷத்தில் இருக்கிற ஒரு குட்டிப் புரதத்தை நாங்களே வளர்த்தெடுத்து, ஏலச்செடியில் விழும் இலைப்பேனுக்கு மருந்தாக்கிக்கொண்டிருந்தோம். அதன் பெருமையே இலைப்பேன் சாகும், தேனீ சாகாது என்பதுதான். தேனீ உட்காராவிட்டால் ஏலத்தில் காய் பிடிக்காது என்று எங்கள் வீட்டில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும்.

நான் வேலையில் சேர்ந்த நாள் முதல் அத்தாவின் கால் தரையில் படவில்லை. சாயாக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மோளு கண்டுபிடிச்ச மருந்தாக்கும்" என்பார். கண்டுபிடித்தது நானில்லை, அங்கே நானும் ஒருத்தி என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். இடுக்கி மலையில் அவருடைய கூட்டாளி ஒருவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. செடிகளுக்கு நடுவே தேனீப் பெட்டிகளும் வைத்திருந்தார். முதல் சோதனைத் தெளிப்பை அந்தத் தோட்டத்திலேயே நடத்தக் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டார் அத்தா; தேனீக்கு ஒன்றும் ஆகாது என்று கூட்டாளிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேனீச் சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. கூட்டுக்குள் இருக்கிற வெக்கையும் இருட்டும் அங்கே இருக்க வேண்டும். தேனீக்குச் சிவப்பு தெரியாது என்பதால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வியர்த்து வடிய, அந்த வெளிச்சத்தில் கூண்டு கூண்டாக எட்டிப் பார்ப்பேன். மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தபோது தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் வெறும் மருந்து இலையில் நிற்காது, மழையில் ஓடிவிடும். அதற்காக ஒரு பசையைச் சேர்த்தார்கள். அந்தக் கலவையை வைத்த கூண்டுகளில் மறுநாள் தேனீக்கள் செத்துக் கிடந்தன. பசையைத் தனியாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் செத்தன.

மேலதிகாரியிடம் போனேன். "பசை மருந்தில்லையே. நம்ம சோதனை மருந்துக்குத்தான், அது பாஸாயிடுச்சு," என்றார் அவர். உள்ளே நடப்பதை வெளியே பேசமாட்டேன் என்று சேரும்போது கையெழுத்துப் போட்டதையும் நினைவூட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டால் தெளிப்பு நிற்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் வேலையும் போகும், அத்தா கொடுத்த வாக்கும் போகும்.

தெளிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "வாக்குக் கொடுத்தாச்சே மோளே," என்றார். பஜாரில் அவருக்குக் கைமுதல் என்று இருந்தது அந்த வாய்வார்த்தை ஒன்றுதான். அது எனக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அந்தத் தோட்டத்துக் கூட்டாளியே போன் செய்தார். அத்தா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், காலைல மருந்தடிக்க ஆளு வர்றாங்க. பெட்டியெல்லாம் தள்ளி வைக்கணுமா?"

அத்தா வாயைத் திறக்குமுன் நான் பேசிவிட்டேன். "மாமா, அடிக்க விடாதீங்க. தேனீ செத்துப்போகும்."



"என்ன பாய், மக இப்படிச் சொல்லுது?"

அத்தா என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கென்ன தெரியும்? அது அங்க குப்பி கழுவுற புள்ள. பெட்டி இருந்த இடத்துலயே இருக்கட்டும், நான் சொல்றேன்."

"அதானே பார்த்தேன்," என்று அவர் வைத்துவிட்டார்.

என் போனிலிருந்து அவரை மறுபடி கூப்பிட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ பயப்படாதம்மா," என்று எனக்குத் தைரியம் சொன்னார். "உங்கத்தா வாக்கு இதுவரைக்கும் தப்பினதில்ல."