கோழி இறகுத் தூண்டில்

கூலி உயர்வு கேட்டு நாங்கள் வயலில் இறங்க மறுத்த அந்த நடவுக் காலத்தில், எங்கள் தெருவுக்கு வாய்க்கால் மீன்தான் சாப்பாடு. மண்புழுவைத் தூண்டிலில் கோத்துக் கெண்டை பிடித்தோம். பண்ணையின் காரியக்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காலையில் நான் வரப்போரம் புழு தோண்டியபோது வந்து, புழு வைத்திருந்த கொட்டாங்கச்சியைக் காலால் தட்டிவிட்டார்.

"வரப்பு பண்ணையோடது. அதுல இருக்குற புழுவும் பண்ணையோடதுதான். வேலைக்கு வர மாட்டே, புழு மட்டும் வேணுமா?"

காலிக் கொட்டாங்கச்சியைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து, முதல் நாள் பிடித்துப் பானைத் தண்ணீரில் விட்டிருந்த கெண்டையை அறுத்தேன். குடலைப் பிதுக்கினால் உள்ளே புழு இல்லை. இன்னும் இறக்கை முளைக்காத, கறுப்பான நீர்ப்பூச்சிகள். மீன் தானாகத் தின்பது இதைத்தான் என்றால் அவர்கள் வரப்பு எனக்கு எதற்கு?

அந்தப் பூச்சி மாதிரியே ஒன்று செய்ய, என் கறுப்புக் கோழி உதிர்த்த இறகை எடுத்தேன். அதன் இழைகளைத் தூண்டில் முள்ளின்மேல் வைத்து, புடவை ஓரத்தில் உருவிய நூலால் இறுக்கிச் சுற்றினேன். தண்ணீரில் போட்டால் மிதந்தது. என் வீட்டுக்காரர் பழைய சைக்கிள் டைனமோவை உடைத்து மெல்லிய செம்புக் கம்பி எடுத்துக் கொடுத்தார். முதலில் கம்பி, அதன்மேல் இறகு என்று கட்டியதும் பூச்சி அடியில் இறங்கியது.

மறுநாள் மதகுக்குக் கீழே உட்கார்ந்து அதை நீரோட்டத்தில் விட்டேன். வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. வெயில் ஏறியபின் கெண்டை ஒன்று வெடுக்கென்று இழுத்தது. அதைக் கூடையில் போடும்போது காரியக்காரர் வந்து நின்றார்.

"சொன்னது காதுல ஏறலியா?"

முள்ளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாத்துக்குங்க. புழு இல்ல. என் கோழி இறகு, என் பொடவை நூலு. தண்ணி சர்க்கார் தண்ணி."

"கோழி மேயுறது எங்க மனையில."

"அந்த மனைக்கு எங்களுக்குப் பட்டா வந்தாச்சு. வேணும்னா தாசில்தார்கிட்ட போய்க் கேளுங்க."

என் தூண்டில் மூங்கிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார். நான் அதிலிருந்த தூண்டில் நரம்பை அவிழ்த்து, கரையில் நின்ற காட்டாமணக்கில் ஒரு குச்சியை முறித்துக் கட்டி, அவர் பார்க்கப் பார்க்க மறுபடியும் தண்ணீரில் போட்டேன்.

அன்று மத்தியானமே தெருப் பெண்கள் என் வாசலில் கூடி இறகு கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கட்டியது பூச்சி மாதிரியே இல்லை. கெளுத்திக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது. அதன்பின் தினமும் கரை நெடுக உட்கார்ந்தோம். காரியக்காரர் அந்த வழியாக வருவதை விட்டுவிட்டார்.

கேட்ட கூலி முழுசாகக் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் கிடைத்தது. நடவுக்கு இறங்கிய முதல் நாள், அதுவரை எங்களை "வா, போ" என்றே விரட்டிய காரியக்காரர், வரப்பில் நின்று "வாங்க" என்றார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.