தேவை, ஆசை, வேண்டாம்

கோபம் வந்தால் என் கையில் சாக்பீஸ் உடையும். அன்றைக்குக் கையில் சாக்பீஸ் இல்லாததால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேங்கிக்காலில் ஒரு கூடத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, பிள்ளைகளுக்கு வரவு செலவு போடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒருவர் பாடம் எடுத்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவர் கொடுத்த தாளில் ஒரு மாதிரிக் குடும்பம் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வங்கியில் விழும். அம்மா சனிக்கிழமை மாலுக்குப் போவாள். மகன் பீட்சாவைத் தியாகம் செய்து அந்தக் காசை உண்டியலில் போடுவான். என் வகுப்பில் இப்படி ஒரு வீடுகூடக் கிடையாது என்று எழுந்து சொன்னேன். "கான்செப்ட்டை மட்டும் எடுத்துக்கங்க மேடம்" என்று சிரித்தார்.

நான் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளி கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. என் பிள்ளைகளின் வீடுகளில் காசு ஒன்றாம் தேதி வருவதில்லை, பௌர்ணமிக்கு வருகிறது. அன்றைக்கு அப்பாக்கள் விடிய விடிய ஆட்டோ ஓட்டுவார்கள், அம்மாக்கள் பாதையோரம் பழம் நறுக்கி விற்பார்கள், பிள்ளைகள் காலி மனையில் பைக் நிறுத்தி டோக்கன் கொடுப்பார்கள். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். அதனால் அந்தத் தாளில் 'மாதம்' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, 'பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை' என்று எழுதிப்போட்டேன். தேவை, ஆசை என்று இரண்டு கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் பாடம் சூடு பிடித்தது. செல்போன் ரீசார்ஜ் தேவையா ஆசையா என்று ஒரு சண்டை நடந்தது. ஒருவன் அப்பாவின் குவாட்டரைத் தேவையில் எழுதியிருந்தான். ஏண்டா என்றால், "அது இல்லன்னா எங்க வீட்ல ஒருத்தரும் தூங்க முடியாது மிஸ்" என்றான். நான் அதை அடிக்கவில்லை. அந்த மடிப்புக் கலையாத மனிதர் வந்து அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்ததாக, வீட்டில் வரப்போகும் ஒரு பெரிய செலவை எடுத்துக்கொண்டு திட்டம் போடச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள், கணக்கில் கெட்டிக்காரி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கிரிவலப் பாதையில் பப்பாளியும் அன்னாசியும் விற்கிறார். கோடை விடுமுறையில் அவள் வயதுக்கு வந்திருந்தாள். கையில் காசு புரளும் தீபத் திருவிழா முடிந்து, தை மாதத்தில் மஞ்சள் நீராட்டு விழா வைப்பதாக ஏற்பாடு. அவள் தன் விழாவுக்கே திட்டம் போட்டிருந்தாள். சாப்பாடு தேவை. மண்டபம் பாதி தேவை, பாதி ஆசை. வீடியோ ஆசை. அதோடு, நான் சொல்லாமலே ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அதற்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் படம் போட்ட பேனர்.

ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். முந்தின வருடம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணுக்கு இப்படித்தான் கூட்டுரோட்டில் பேனர் வைத்தார்கள். பையன்கள் அதை செல்போனில் எடுத்து, சினிமாப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். வகுப்பில் அவள் எழுந்து நின்றாலே பின்னாலிருந்து அந்தப் பாட்டு வரும். நானும் பிரம்பை எடுக்காத குறையாகக் கத்திப் பார்த்தேன், பாட்டு நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் டி.சி. வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏதோ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

இவள் தாளைக் கொடுத்துவிட்டு மேசை அருகிலேயே நின்றாள். "மத்ததெல்லாம் இன்னா வேணா பண்ணிக்கட்டும் மிஸ். பேனர் மட்டும் வேணாம்னு எங்க வீட்ல சொல்றீங்களா? நான் சொன்னா அடிக்கிறாங்க."

சொல்கிறேன் என்றேன். அதற்குள் எங்கள் தலைமையாசிரியை முந்திக்கொண்டார். எந்தப் பாடம் நடந்தாலும் ஆதாரத்துக்குப் போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும், அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மேசையில் இருந்த தாள்களில் அழகான கையெழுத்தாகப் பார்த்து ஒன்றைப் படமெடுத்தார். அனுப்பிய கையோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். அது அவள் தாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவளுடைய தாய்மாமன் வந்தார். இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறவர், வெள்ளைச் சட்டை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் அவளுடைய அம்மா, கையில் பழக்கறையோடு.

"இன்னாங்க டீச்சர், கணக்கு சொல்லிக் குடுக்கச் சொன்னா குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்துறீங்க?"

"உங்க பொண்ணு தப்பா எதுவும் எழுதலீங்க. பேனர் வேணாம்னு எழுதியிருக்கா. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? நாங்க எத்தன வருசமா ஊரு பூரா மொய் வச்சிருக்கோம் தெரியுமா? அதெல்லாம் திரும்பி வரணும்னா நாங்க ஒரு விசேஷம் வைக்கணும். உங்க கணக்குல இது செலவு. எங்க கணக்குல இது வசூல்."

"வசூலுக்குப் பத்திரிகை போதுமே. பேனர் எதுக்கு?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பேனர் இல்லன்னா இவன் நொடிஞ்சிட்டான்னு ஊர்க்காரன் நெனச்சிப்பான். நொடிஞ்சவனுக்கு மொய் கம்மியாதான் எழுதுவான். பேனர் பெருசா இருந்தா மொய் ஜாஸ்தி. இத உங்க புத்தகத்துல போடலியா?"

"அப்ப உங்க படத்தப் பெருசா போட்டுக்கங்க. பொண்ணு படம் எதுக்கு? கூட்டுரோட்டுல அவ கூடப் படிக்கிற பசங்க நிக்கிறாங்க. போன வருசம் இன்னா ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியும்."

"யாருக்கு விசேஷம்? எனக்கா?"

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "படிக்கிற எடத்துல வீட்டு விஷயத்த எழுதச் சொல்லலாமாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது, அதனால் என் கோபம் இன்னும் ஏறியது. பிள்ளையைத் தெருவில் தொங்கவிட்டு மொய் வாங்குகிறீர்கள், வெட்கமாக இல்லையா என்று கத்திவிட்டேன். தலைமையாசிரியை ஓடி வந்து என் கையைப் பிடித்தார். தாய்மாமனிடம் தன் சார்பாக இரண்டு முறை, என்னைக் கேட்காமலே என் சார்பாக ஒரு முறை, மன்னிப்புக் கேட்டார். டீயும் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேனர் வந்தது. ஸ்கூட்டியில் போனவள் கூட்டுரோட்டில் பிரேக் போட்டேன். பட்டுப்புடவை, ஒட்டியாணம், உதட்டுச் சாயம் எல்லாம் போட்டு, பதிமூன்று வயதுப் பெண்ணை இருபத்தைந்து ஆக்கி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவளைவிடப் பெரிதாகத் தாய்மாமன், கூலிங் கிளாஸோடு. கீழே வாழ்த்துவோர் வரிசையில் சின்னச் சின்னத் தலைகள். அதில் ஒரு தலை என்னுடையது. ஆண்டு விழாவில் எடுத்த படம். 'எங்கள் மதிப்பிற்குரிய ஆசிரியை' என்று அடியில் எழுத்து.

என் ரத்தம் கொதித்தது. எதிர்த்துப் பேசிய டீச்சரையே பேனரில் ஏற்றிவிட்டேன் பார் என்று ஊருக்குக் காட்டுகிறான். படம் கொடுத்தது யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. சமாதானம், சமாதானம் என்று அலைகிற ஒருவர்தான் எங்கள் பள்ளியில் இருக்கிறாரே! அங்கேயே நின்று தாய்மாமனுக்குப் போன் போட்டேன்.

"மரியாதைக்குத்தானே போட்டோம் டீச்சர்?"

"என்னைக் கேக்காம என் படத்த எப்படி வைப்பீங்க? ரெண்டு படத்தையும் எடுக்கணும். இல்லன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்."

"உங்க படம் உங்க இஷ்டம்ங்க, எடுத்துர்றேன். எங்க பொண்ணு எங்க இஷ்டம்." போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சொன்னபடி ஸ்டேஷனுக்கும் போனேன். "வீட்டுப் பெரியவங்களே வச்சிருக்காங்க, நாங்க இன்னாம்மா பண்றது?" என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பார்த்தேன். என் தலை இருந்த இடத்தில் மஞ்சள் தாள் ஒட்டி மூடியிருந்தது. மேலே அவள் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே டீக்கடையில் என் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அதைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்கும் மறுநாள் ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்தார்.

அன்றைக்குக் கடைசிப் பாடவேளையில் வகுப்புக்குள் நுழையும்போதே பின்னாலிருந்து மெதுவாக அந்தப் பாட்டு வந்தது. மேசையில் ஓங்கித் தட்டினேன், நின்றது. அவள் தலை குனிந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அருகில் போய், உன் படத்தையும் சேர்த்துத்தான் எடுக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றேன்.

"பாத்தேன் மிஸ்" என்றாள். "நீங்க ஒரு போன் பண்ணீங்க, உடனே மூடிட்டாங்க. நான் இத்தன நாளா அழுவுறேன்."

பிறகு நிமிர்ந்து, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள்.

"நான் சொல்லி மூடணும்னா, எனக்கு எவ்ளோ வயசாவணும் மிஸ்?"