வளைந்து போன சிவப்பு

மயோன் எரிமலையின் அடிவாரத்து ஊரில் ரொடெலியோவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. வரைய மட்டும்தான் வரும். ஜீப்னி வண்டிக்குப் பறவைகள், தேவாலயத்துக்குப் புனிதர்கள், சாராயக்கடைக்குச் சேவல். எந்த மூக்கைக் கேட்டாலும் அந்த மூக்கையே போட்டுக் கொடுப்பான்.

அவனைத் தேடி நகரத்திலிருந்து எரிமலை ஆய்வாளர் டாக்டர் மாரிவிக் வந்தார். பெருமழையில் மலைச் சாம்பல் சேறாக இறங்கி எந்தெந்த வீடுகளை வாரிக்கொண்டு போகும் என்று வருடக்கணக்காக அளந்து வரைபடம் போட்டிருந்தார். ஊரார் அதன்மேல் கருவாடு காயவைத்தார்கள். ஆகவே கூடைப்பந்துத் திடலின் சுவரில் ஊரையே வரைந்து, சேறு வரும் வழியெல்லாம் சிவப்பு அடிப்பதென்று ஏற்பாடு.

ரொடெலியோ வீடு வீடாக வரைந்தான். எந்தக் கொடியில் யார் பாவாடை காய்கிறது என்பதுவரை தெரிந்தது. ஊர் சுவரை விட்டு நகரவில்லை. அவன் மனாய் என்று கூப்பிடும் அக்கா இல்டாவின் ஆற்றங்கரை வீட்டைச் சிவப்பு நெருங்கியபோது மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். வீட்டைத் தொடாமல் சிவப்பைக் கொஞ்சம் வளைத்து விட்டான். அளந்து போட்டதுதானே என்று நம்பி இல்டா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஊர்த்தலைவர் ஒரு கோழியோடு வந்தார்.

"ஏன் தம்பி, ஆத்தங்கரை வீட்டுக்கே வளையுது. மேட்டுல இருக்கிற எனக்கு வளையாதா?"

வளைந்தது. பிறகு பிலிக்கொட்டை மிட்டாய் வந்தது, பன்றித் தொடை வந்தது. வார முடிவில் சிவப்புக்குள் ஓர் ஆடு மட்டும் நின்றது.

மாரிவிக் வந்து பார்த்தார்.

"இந்த ஊர்ல ஆட்டுக்கு மட்டும்தான் ஆபத்தா?"

"ஆட்டுக்காரர் இன்னும் வரலைங்க, டாக்டர்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளபடி திருத்தச் சொல்லிவிட்டுப் போனார். புயல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் கோழி கொடுத்தவர், மிட்டாய் கொடுத்தவர் எல்லாரும் முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். யாருக்காக எங்கே வளைந்தது என்பது அவரவருக்குத் தெரியாதா என்ன? இல்டாவைத்தான் காணோம்.

ரொடெலியோ ஓடினான். அவள் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மழையில எதுக்குடா வந்த? இங்கதான் சேறு வராதே. சுவத்துலயே போட்டிருக்கு."

"அது நானா வளைச்சது, மனாய்."

"ஊருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அவள் திட்டவில்லை. பன்றிகளை அவிழ்த்துவிட்டு அவனோடு நடந்தாள். பள்ளிக்கூடப் படியேறும்போது பின்னால் மலை இறங்கும் சத்தம் கேட்டது. பன்றிகள் தப்பின. வீடு தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் சுவர்முன் சிவப்பைக் கலக்கிக்கொண்டே நின்றான். தூரிகையைத் தொடவில்லை. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இல்டா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அழுதுக்கிட்டே அடி, பரவாயில்ல," என்றாள். "என் வீட்டுல இருந்து ஆரம்பி."