நகுலனின் முழங்கால்

நகுலனின் முழங்காலில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. பழுது என்று சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன். பொறாமையில் சொன்னேன்.

நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில், என்னை அறிந்தவர்கள் எல்லோரும் என்னை நல்லவன் என்று நம்புகிறார்கள். நகுலன் எல்லோரையும்விட அதிகமாக நம்புகிறான்.

எங்கள் விளையாட்டுக் கழகம் ஒவ்வொரு கோடையிலும் உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். வெளியூர் அணி எதுவும் வராது. எங்கள் ஆட்களையே நான்கு அணியாகப் பிரித்து நாங்களே மோதிக்கொள்வோம். நான்கு தலைவர்களும் சீட்டு இழுப்பார்கள். முதல் சீட்டு விழுந்தவருக்கு முதல் தெரிவு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். பெயர் சொல்லப்பட்டவன் நடந்து போய்த் தன் தலைவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். தலைவர் அவன் தோளில் கை வைப்பார்.

சிரிப்பாக இருக்கிறதா? பிள்ளை குட்டிக்காரர்கள், இரவுவேலை முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், அந்தக் கைக்காக அங்கே நின்றார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அந்த நான்கு தலைவர்களில் ஒருவர் சிவா அண்ணை. பல வருடங்கள் அவருடைய முதல் ஆள் நான். அவருக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது என் பெயர். அந்தக் கையின் கனம் இப்போதும் என் தோளில் இருக்கிறது. பிறகு ஒரு ஆட்டத்தில் என் முழங்கால் உள்ளுக்குள் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நடக்கலாம், படியேறலாம். ஓட முடியாது.

ஓட முடியாதவனுக்கு என்ன மிச்சம்? சிவா அண்ணையின் சமையலறை மிச்சமாக இருந்தது. சீட்டு இழுத்த நாளிலிருந்து தெரிவு நாள் வரை நானும் அவரும் அந்த மேசையில் இருந்து வாதாடுவோம். யாரை முதலில் எடுப்பது, யாரை இரண்டாம் சுற்றுக்கு விட்டாலும் கிடைப்பான், எந்தத் தலைவருக்கு யாரில் கண்... அவர் மனைவி சாந்தி அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "உவங்களுக்கு வேறை வேலை இல்லை" என்று சொல்லிப் போவார். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் கதிரை.

அந்தக் கதிரைக்குத்தான் ஆபத்து வந்தது.

நகுலன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த வருடம் அது. நான் வேலை செய்த தொழிற்சாலையிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. மொழி தெரியாது. டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் அலுவலகத்தில் என்றாலும் டொக்டரிடம் என்றாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் வந்தவர்கள் பிறகு வந்தவர்களுக்குச் செய்கிற உதவி அது. அப்படிப் போகிறவன் அங்கே கேட்டதை வெளியில் பேசக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

ஒரு பயிற்சியில் அவன் பந்தை வாங்கித் திரும்பியதைச் சிவா அண்ணை பார்த்தார். என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்.

"உவன் உன்னை மாதிரியே திரும்புறான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை, உன்னிலும் கெதி" என்றார்.

அவர் கள்ளமில்லாமல் சொன்னது அது. எனக்கு வயிறு எரிந்தது. நொண்டிக்கொண்டு காருக்குப் போனேன். அன்று வேண்டுமென்றே கூடுதலாக நொண்டினேன் என்று நினைக்கிறேன்... அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் முதல் சீட்டு சிவா அண்ணைக்கே விழுந்தது. அவர் யாரை எடுப்பார் என்று ஊருக்கே தெரியும். அதோடு விடவில்லை அவர். அவரோடு வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் உள்ளூர்க் கழகமொன்றின் பயிற்சியாளர். "என்ரை முதல் ஆளை வந்து பார்" என்று அவரைப் போட்டிக்கு அழைத்திருந்தார். பிடித்துப்போனால் நகுலன் ஒரு உண்மையான கழகத்தில் விளையாடுவான். அவனுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார், நடந்த பிறகு சொல்லலாம் என்று.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. நான் ஓடிய காலத்தில் சிவா அண்ணைக்கு அந்த ஜெர்மன்காரரைத் தெரியாது என்று என் மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

என் வேலையிடத்தில் டிர்க் என்றொருவன் இருந்தான். அமெரிக்க உதைபந்துப் பைத்தியம். அங்கே புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்குமாம். முதல் முறை கிடைத்த அணி சிலவேளை அதை இன்னொரு அணிக்கு விட்டுக்கொடுத்துக் கீழே இறங்குமாம், பதிலாக இரண்டு மூன்று முறைகளை வாங்கிக்கொள்ளுமாம். கெட்டிக்கார அணிகள் கீழே இறங்கும், முட்டாள் அணிகள்தான் ஒரு நட்சத்திரத்துக்காக எல்லாவற்றையும் கொடுக்கும் என்பான். இடைவேளை முழுக்க இதே கதை. நான் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன்.

"அண்ணை, முதல் தெரிவைத் தயாளனுக்குக் குடுத்திடுங்கோ" என்றேன், அந்தச் சமையலறையில். தயாளன் இன்னொரு அணியின் தலைவர். "அவருக்கு அந்த நெட்டைக் கோல்காப்பாளரிலைதான் கண். அவற்றை இடத்தை நாங்கள் எடுப்பம். ரெண்டாம் சுற்றிலை அவர் எங்களுக்கு வழி விடட்டும். அடுத்தடுத்து ரெண்டு பேர். பின்னாலை ஒரு சுற்றிலை அவருக்கு நாங்கள் விடுவம்."

"நகுலனை விட்டிட்டோ? உனக்கென்ன விசரே?"

"ஒரு ஆளை வைச்சு வெல்ல ஏலாது அண்ணை. நடுவிலை ஆளில்லாமல்தானே போன வருசம் தோத்தனாங்கள்."

அவர் யோசித்தார். என் கணக்கு சரியாகவே இருந்தது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்றைக்கும் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியாது. பொறாமைக்குச் சட்டை போட்டு, தலைவாரி, கணக்கு என்று பெயர் வைத்துக் கூட்டிவந்திருந்தேன்!

"நீ சொல்லுறது சரிதான்" என்றார் கடைசியில். "ஆனா அவனை விட மனம் கேக்குதில்லையடா."

மனம்! எனக்காக அவர் கணக்குப் பார்க்காத காலம் ஒன்று இருந்தது. இப்போது அவனுக்காகப் பார்க்க மறுக்கிறார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அண்ணை. அவன்ரை முழங்கால் சரியில்லை. உள்ளுக்கை கிழிஞ்சிருக்கு. ஓடினா ஆயுளுக்கும் நொண்டுவான் எண்டு டொக்டர் சொன்னவர். நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்."

நாங்கள் போனது பல் டொக்டரிடம்.

என் டொக்டர் எனக்குச் சொன்னதைத்தான் வார்த்தை மாறாமல் சொன்னேன். அதனால் என் குரலில் பொய் தெரிந்திருக்காது. என் முழங்காலை எடுத்து அவனுக்குப் பூட்டிவிட்டேன்.

சிவா அண்ணை அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்க முடியாது. முன்பொரு வருடம் ஒரு தலைவர் நல்ல ஆட்டக்காரரை எல்லாம் வீட்டுக்கு அழைத்து ஆட்டிறைச்சிக் கறி கொடுத்துக் கட்டிப்போட்டார் என்று பெரிய சண்டை வந்தது. அன்றிலிருந்து, சீட்டு இழுத்த பிறகு தெரிவு நாள் வரை தலைவர்கள் எந்த ஆட்டக்காரரோடும் பேசக்கூடாது என்று விதி. சிவா அண்ணை விதியை மீறாதவர். எனக்கு அதுவும் தெரியும்.

அவர் அப்போதே ஜெர்மன்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். பெடியனுக்குக் கால் சுகமில்லை, வரத் தேவையில்லை என்றார். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்... அவரைத் தடுக்க எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

தயாளனோடு தெரிவை மாற்றும்போதும் சிவா அண்ணை உண்மையாக நடந்துகொண்டார். குறையை மறைத்து விற்கக்கூடாது என்று நகுலனின் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டார். தயாளன் மற்ற இரு தலைவர்களுக்கும் சொன்னார். அவருடைய நேர்மையே என் பொய்யை வீடு வீடாகக் கொண்டுபோனது. இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

தெரிவு நாள். முதல் பெயர் கோல்காப்பாளருடையது. நகுலன் சிரித்தபடி வழிவிட்டான். முதல் சுற்று முடிந்தது. சிரிப்பு கொஞ்சம் நின்றது. இரண்டாம் சுற்றில் நாங்கள் அடுத்தடுத்து இருவரை எடுத்தோம், நான் கேட்ட இருவரையும். அவன் எங்களைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்தத் தலைவர்கள் கெட்டவர்களல்ல. இந்தப் பிள்ளையை ஓடவிட்டு நாளைக்கு அவன் நொண்டினால் யார் பதில் சொல்வது என்ற இரக்கத்தில்தான் விட்டார்கள். அவனிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவான் என்ற இரக்கம் வேறு!

கடைசிச் சுற்றில் அவனோடு நின்றவர்கள் தொப்பை போட்ட கடைக்காரர், மூக்குக் கண்ணாடிக் கணக்காளர், புகைத்துப் புகைத்து மூச்சு வாங்குகிற ஒருவர். முறை எங்களுடையது. சிவா அண்ணை கடைக்காரரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. அடுத்த முறை தயாளனுடையது. கடைசியில் இரக்கப்பட்டு அவர் எடுத்துவிட்டால்? அவன் ஓடிக் காட்டிவிட்டால்? முதல் ஆளாகச் சிவா அண்ணைக்குக் கிடைக்கவும் கூடாது, வேறொருவருக்குக் கிடைக்கவும் கூடாது, கடைசி ஆளாக எங்களிடம் வந்தால் ஏதாவது கதை சொல்லிப் பொய்யை மூடலாம்... பொறாமைக்காரனின் புத்தி எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்.

"நகுலனை எடுங்கோ அண்ணை" என்றேன். "ஒருத்தரும் எடுக்காட்டில் நாங்கள் எடுப்பம்."

முழங்காலைப் பற்றி மெதுவாகச் சொன்ன நான், இதை மட்டும் மண்டபம் கேட்க உரக்கச் சொன்னேன். நகுலன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் உங்களுக்கு எழுதிக் காட்டப்போவதில்லை.

மறுநாள் சிவா அண்ணையிடம், "ஊசி போட்டாச்சு, டொக்டர் ஓம் எண்டிட்டார். அவனிட்டைக் கேட்டுடாதேங்கோ, வெக்கப்படுவான்" என்றேன். அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கிண்ணம் எங்களுக்கே வந்தது. நகுலன் மானைப்போல் ஓடினான். பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்க வரவில்லை. முதல் தெரிவையும் விற்று, அதே ஆளைக் கடைசியில் எடுத்த என் மூளையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அடுத்த வருடம் சிவா அண்ணை பயிற்சியாளரை மறுபடி கேட்டுப் பார்த்தார். அந்த மனிதர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். நகுலன் இன்னும் என்னோடு அதே தொழிற்சாலையில், அதே இயந்திரத்தின் முன்னால் நிற்கிறான்.

இந்தக் கோடையில் சிவா அண்ணை தலைமையை அவனிடம் கொடுத்தார். அவர் அதை என்னிடம் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதல் சீட்டு நகுலனுக்கு விழுந்தது. கீழே இறங்கு, இரண்டு பேரை எடு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கும் அதையே சொல்ல வாய் வந்தது.

"இல்லை, முதல் தெரிவு என்ரை" என்றான். மண்டபத்தில் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓட முடியாத, நரை விழுந்த ஒருவனை யார் முதலில் எடுப்பார்கள்?

"அண்டைக்கு ஒருத்தரும் என்னை எடுக்கேல்லை. இவர்தான் எடுத்தவர்" என்றான். "வாங்கோ அண்ணை."

சிரிப்பு கைதட்டலாக மாறியது. நான் நடந்தேன். முழங்கால் வலித்தது. போய் அவனுக்குப் பின்னால் நின்றேன். அவன் என் தோளில் கை வைத்தான். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிவா அண்ணை முன்வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் பார்த்தது நகுலனை.

அப்போதும் எனக்கு எரிந்தது.