ஒரு லிட்டர் தூரம்

சூடான ரப்பர் குழாயில் பெட்ரோல் கசியும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாத நண்பகலில், புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரும் சாலையில் என்னோடு ஒட்டிக்கொண்ட வாசனை அது.

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், சங்கரன்கோவிலில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பிக்கப் ஒன்றைப் பழைய இரும்புக்கடையிலிருந்து இழுத்து வந்து அதோடு மல்லுக்கட்டினார். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிற வண்டி. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றினார். பின்பக்க இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டு மாம்பலகை அடித்தார். கனம் குறையட்டும் என்று கதவுகளையும் கழற்றினார். புளியங்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு லிட்டரில் வந்துவிட்டால் போதும், எலுமிச்சை லோடு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

அதைச் சோதிக்கத்தான் போயிருந்தோம். புளியங்குடியில் டாங்க்கிலிருந்த பெட்ரோலை வடித்துத் தெரிந்த கடையில் வைத்துவிட்டு, ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் அளந்து ஊற்றி, முன்சீட்டுக்கு மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் கார்புரேட்டரில் செருகினார். உபரியாக ஒரு சொட்டு கிடையாது. இருந்தால் அது சோதனையா என்பது அத்தானின் கறார்.

பாதி தாண்டியிருப்போம். நடுச்சாலையில் ஒரு பெண் கைகளை விரித்து நின்றாள். ஓரத்து உடைமரத்தடியில் அவள் புருஷன். ஆடுகளுக்குத் தழை வெட்ட ஏறியவர், அரிவாளோடு விழுந்திருக்கிறார். தொடையில் சுற்றிய துண்டு நனைந்து சொட்டியது. தூக்கிப் பலகையில் கிடத்தினோம். அவள் பக்கத்தில் ஏறி, காயத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

அத்தான் பாட்டிலைப் பார்த்தார். பாதிக்கும் கீழே. விரட்டினால் ஊருக்கு வெளியிலேயே தீர்ந்துவிடும். நிதானமாய்ப் போனால் வண்டி போய்ச் சேரும். அவர் சேருவாரா?

"சொல்லிராத மாப்ள. அந்தப் பிள்ள பயந்துரும்" என்றார் மெதுவாக.

உருட்டினார். மிதிக்காமல், இழுக்காமல், பெட்ரோலுக்கு வலிக்குமோ என்பதுபோல.

"வெரசா விடுங்க அண்ணாச்சி!"

அவள் பின்னாலிருந்து கத்தினாள். வெயில் சாலையில் நெளிந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. முன்னால் பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது, பின்னால் பலகை சிவந்துகொண்டிருந்தது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்தேன்.

"என்னய்யா ஓட்டுதீரு! மாட்டுவண்டிகூட முந்திட்டுப் போவும்! உம்ம வீட்டு ஆளுன்னா இப்படித்தான் உருட்டுவீரா?"

அத்தானின் தாடை இறுகியது. கால் இறுகவில்லை.

ஓடைப்பாலத்துச் சரிவில் எஞ்சினையே அணைத்தார். திடீர் நிசப்தம். "ஐயோ, நின்னுபோச்சா!" என்று அவள் அலறினாள். வண்டி சத்தமில்லாமல் இறங்கி, சரிவு முடிகிற இடத்தில் கியர் விழுந்து, குலுங்கி, மறுபடி உயிர்த்தது.

ஊர் தெரிந்தபோது குழாயில் ஒரு குமிழ் ஓடியது. பாட்டில் காலி.

"கார்புரேட்டர்ல ஒரு வாய் கிடக்கும்" என்றார் அத்தான், தனக்குத்தானே.

அந்த ஒரு வாய் கடைத்தெரு வரை வந்தது. வண்டி இருமி, நின்றது. குதித்து இறங்கித் தள்ளினோம்.

"ஏலே, கை வைங்கலே!" என்று அத்தான் கத்தினார்.

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். கதவும் இரும்புப் பெட்டியும் இல்லாத அந்த வண்டி, தள்ளுவண்டிபோல ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடியது.

அன்றைக்குப் பிறகு, அவசரத்தில் யாராவது மெதுவாய் இருந்தால் சட்டென்று எனக்குத் திட்ட வருவதில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் என்ன தீர்ந்துகொண்டிருக்கிறதோ, யார் கண்டது?

அன்று பொழுது சாய அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தாள்.

"தையல் போட்டாச்சு. பேசுதாரு."

பாட்டில் கதையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. இனி யாரையாச்சும் ஏத்தினா, கொஞ்சம் வெரசா விடுங்க."

"சரி தாயி. விடுதேன்."